தலையில் கை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கீழே இருந்த புளியந்தோப்பில் வெற்றிச்செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. சிமெண்ட் ஆலை லேபில் கெமிஸ்ட் அவள். போன வருஷம் பெங்களூரில் ஓர் ஆட்டத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்தே இப்படித்தான். மேடை கிடையாது, வேடிக்கை பார்ப்பவர் கிடையாது. வந்தவர் எல்லாரும் ஆளுக்கொரு வேஷத்தில் வாழ்ந்து, அவரவர் வசனத்தை அவரவரே பேசிக்கொள்கிற ஆட்டம். நம்ம ஊரில் இதை நடத்தாமல் விடுவதில்லை என்று கண்ணில் பட்டவரையெல்லாம் நச்சரித்து, ஆலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் பிடித்துவிட்டாள்.

கோட்டைக்குள் ஓடியாட விடமாட்டார்கள். விடாவிட்டால் போகட்டும், மேலே தெரிகிற நிஜக் கோட்டை எதிரியுடையது, தோப்புதான் நம் கோட்டை என்று கதையையே திருப்பிப் போட்டுவிட்டாள் கில்லாடி. நம் கோட்டைக்குள் ஓர் ஒற்றன். தானியக் கிடங்கின் சாவி அவன் மடியில். தலைவர் அவனைப் பிடித்தால் கோட்டை பிழைக்கும். ஆட்டத்திலிருந்து சற்று விலகி நிற்க வேண்டுமென்றால் தலையில் கை வைத்துக்கொள்ளலாம்; கை அங்கே இருக்கிற வரைக்கும் அவர் வேஷத்தில் இல்லை. வெற்றிச்செல்வி விசில் ஊதினால் ஆட்டம் முடிந்தது.

சீட்டுக் குலுக்கிப் போட்டதில்தான் வினை வந்தது. கோட்டைத் தலைவர் சீட்டு, குவாரியில் லோடர் ஓட்டும் ராசாங்கத்துக்கு. யானைப்பாகன் சீட்டு, அதிலேயே ரகசியமாக ஒற்றன் வேலையும் சேர்த்து, மேனேஜர் பாலசுந்தரத்துக்கு.

"என்ன ராசாங்கம், நீ ராசாவா? நடத்து நடத்து," என்று சிரித்தார் பாலசுந்தரம். ராசாங்கமும் சிரித்துவைத்தார். ஜெயங்கொண்டம் பக்கம் பாலசுந்தரத்தின் குடும்ப வயலில்தான் ராசாங்கத்தின் அப்பா ஆயுசு முழுக்கக் கூலி வேலை பார்த்தார். வேனில் வந்த எல்லாருக்கும் அது தெரியும்.

விசாரணை தொடங்கியது. மற்றவர்களைத் தலைவர் ஓரளவுக்கு அதட்டினார். யானைப்பாகன் முன்னால் வந்ததும் தலைப்பாகையைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார்.

"சார், கொஞ்சம் இப்படி வரீங்களா சார்?"

சொன்ன கையோடு அவர் கை தலைக்குப் போய்விட்டது. "மன்னிச்சுக்குங்க சார், ஆட்டத்துக்குத்தான் கேக்குறேன்." மறுபடி கேள்வி, மறுபடி தலையில் கை. பார்த்தவர்களுக்குக் கொட்டாவி வந்தது. பாலசுந்தரம் மரத்தடியில் உட்கார்ந்து செல்போனை எடுத்துவிட்டார்.

காவல்காரி வேஷம் போட்டிருந்த கேன்டீன் பானுப்ரியா மூங்கில் ஈட்டியோடு ஓடி வந்தாள். "அக்கா, சாப்புட்டுட்டு வூட்டுக்குக் கெளம்பலாம்னு பேசிக்கிறாங்க."

வெற்றிச்செல்வி வேன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இன்று வேனில் ஏறிவிட்டால் இன்னொரு ஞாயிறு கிடையாது, ஆயுசுக்கும் கேலிதான். எங்கே கோட்டை விட்டோம் என்று யோசித்தாள். துணி தைத்தோம், சாவி செய்தோம், கதை கட்டினோம். யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று மட்டும் சொல்லவில்லையே! ராசாங்கம் பாவம் என்ன செய்வார், அந்த 'ங்க' அவர் நாக்கிலேயே பிறந்தது. பிழை தன்னுடையது என்று தெரிந்ததும் அவளுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. தாம்பாளத்தையும் ஒரு குச்சியையும் எடுத்துக்கொண்டு எதிரியின் தண்டோராக்காரியாகத் தோப்புக்குள் பாய்ந்தாள்.

"கோட்டைச் சனங்களே! உங்க தலைவன் எங்க ஆளோட கூட்டு! எவனுக்கு அவன் 'ங்க' போட்டுப் பேசுறானோ, அவந்தான் எங்க ஒற்றன்!"

ராசாங்கம் பதறினார். "அய்யய்யோ, நான் எல்லாத்துக்கும் அப்படித்தாங்க…"

"போட்டாரு! இப்பவே போட்டாரு!" தோப்பே கத்தியது. செல்போன்கள் மடிக்குள் போயின. ஒருவர் ராசாங்கத்தின் தலைப்பாகையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேர் அவரைத் தலைவர் நாற்காலியோடு தூக்கப் பார்த்தார்கள். ராசாங்கம் நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். விட மனசில்லை என்று முகத்தில் தெரிந்தது.

பானுப்ரியா ஈட்டியைத் தரையில் குத்தினாள். "தலைவரே, அந்த யானைக்காரன இப்பக் கூப்புடுங்க பாப்போம்."

சத்தம் அடங்கியது. ராசாங்கம் பாலசுந்தரத்தைப் பார்த்தார். ராசாங்கத்தின் வலது கை தலையை நோக்கிப் பாதி தூரம் போய், நின்று, கீழே இறங்கியது.

"டேய் பாகா! எந்திரிடா!"

பாலசுந்தரம் மெல்ல எழுந்தார். அவர் கை மேலே போனது. வெற்றிச்செல்வி தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்தக் கை தலைக்குப் போனால் ஆட்டமும் போச்சு, ராசாங்கமும் நாளைக்குக் குவாரியில் எந்த முகத்தோடு நிற்பார்?

கை கண்ணாடியைக் கழற்றியது. அதைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தியது. அடுத்த நொடி, மேனேஜர் எடுத்தார் ஓட்டம்!

"புடிங்கடா அவன!" ராசாங்கத்தின் குரல் கோட்டை மதிலில் மோதித் திரும்பியது. தொந்தி குலுங்க, ஒரு செருப்பு பறக்க, புளியமரத்துக்குப் புளியமரம் வளைந்து ஓடினார் பாலசுந்தரம். பின்னால் மொத்த ஆலையும். வெற்றிச்செல்வியும் தாம்பாளத்தை அடித்துக்கொண்டே, தான் எந்தப் பக்கத்து ஆள் என்பதையே மறந்து ஓடினாள். கடைசியில் ராசாங்கம் பாய்ந்து இடுப்பைப் பிடித்தார். இரண்டு பேரும் சருகில் உருண்டார்கள்.

"தலைவரே, உசுர மட்டும் வுட்டுடுங்க!" என்று கும்பிட்டார் மேனேஜர். மடியிலிருந்து சாவி விழுந்தது. தோப்பு அதிர்ந்தது. வெற்றிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு விசிலை ஊதினாள். நடந்தேவிட்டது!

சாப்பாடு முடிந்து வேனுக்குப் போகும்போது ராசாங்கம் மட்டும் கதவோரமாக நின்றார். தலைப்பாகை இல்லை. கை தலையில் இருந்தது.

"சார்… ஆட்டத்துல வாய் தவறி…"

ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்த பாலசுந்தரம் நின்றார். நாள்தோறும் 'ஏறு ராசாங்கம்' என்று சொல்லிப் பழகிய வாய் அது.

"தலையிலேர்ந்து கைய எடுங்க," என்றார். "ஏறுங்க தலைவரே."

விசில் ஊதி முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. ராசாங்கம் வெற்றிச்செல்வியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டு, முதல் ஆளாக வேனில் ஏறினார்.