அவர் எழுதிய மாட்யூல்

சர்வர் மறுபடியும் முடங்கிவிட்டது. ஃபைல்களைச் சேமித்து எடுத்துத் தரும் கெர்னல் மாட்யூல், அதாவது சர்வரின் அடித்தளத்தோடு சேர்ந்து ஓடும் புரோகிராம், தான் வாங்கும் மெமரியில் கொஞ்சத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்கிறது. அது சிறுகச் சிறுகச் சேர்ந்து மொத்த இயந்திரத்தையும் நிறுத்திவிடுகிறது.

மாட்யூலை எழுதியவர் அவளுடைய கணவர். அதே அலுவலகத்தில், அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். போன மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று சொன்னவர், ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே போய்விட்டார்.

மாட்யூலைத் தூக்கிவிட்டு வெளியிலிருந்து வேறொன்றை வாங்கப் பேச்சு நடப்பதாக மேனேஜர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் ஒரு வாரம் அவகாசம் கேட்டாள்.

தப்பு வேறு யாருடையதாகவாவது இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. மற்றவர்கள் பின்னால் சேர்த்த பகுதிகளைத்தான் முதலில் சலித்தாள். ஒன்றும் சிக்கவில்லை. பிறகு, பழுதான டிஸ்க் ஒன்றை மாட்டி, அதிலிருந்து ஃபைலைத் திறக்கவைத்துப் பார்த்தாள். திறக்க முடியாமல் திரும்பும் ஒவ்வொரு தடவையும் துளி மெமரி உள்ளேயே தங்கியது. அந்த இடத்தை எழுதியவர் அவர்தான். மெமரியை விடுவிக்கும் ஒரு வரி விட்டுப்போயிருந்தது.

"என்னங்க, இதைப் போயா விடுவீங்க?" என்று வாய்விட்டே கேட்டுத் திரும்பினாள். பக்கத்து நாற்காலிக்குப் புதிதாக வந்திருந்த பெண் ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்னையா கூப்பிட்டீங்க?"

"இல்லம்மா. நீ பாரு."

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அந்த வரியைச் சேர்த்தாள். அடுத்த நாள் முழுக்க எவ்வளவு படுத்தியும் மெமரி ஏறவில்லை. மேனேஜர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா மேல கையெழுத்துப் போட்டுட்டாங்கம்மா. அடுத்த மாசம் புதுசு வந்துரும்."

"அதுவரைக்கும் இது ஓடட்டுமா?"

"தாராளமா."

வீட்டில் மாமனார்தான் கதவைத் திறந்தார். மகன் போன பிறகு அவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது. இன்றைக்கு என்னவோ, அவராகவே கேட்டார்.

"ஆபீஸ்ல அவன் செஞ்சது இன்னும் ஓடுதாம்மா?"

"ஓடுது மாமா. இன்னைக்கு ஒரு தடவைகூட நிக்கலை."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. செருப்பைக் கழற்றுகிற சாக்கில் அவள் குனிந்தே நின்றாள்.