முதல் எதிர்மனுதாரர் நேரில் ஆஜர்

செத்துப்போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்த ஸ்ரீமதி, ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை பதினொரு மணிக்கு, கடலூர்க் கோர்ட்டிலிருந்து வந்த சம்மனைச் சிதம்பரத்தில் தன் வீட்டு வாசலில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். சம்மன் கொண்டுபோன அமீனா கலியமூர்த்திக்கு முப்பது வருஷ சர்வீஸ். கதவைத் தட்டினார், அவள் திறந்தாள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே காகிதத்தைப் படித்தாள், மோர் சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டாள். அந்த அம்மா செத்துப்போனதிலிருந்து பூட்டிக் கிடக்கும் வீடு அது என்று எதிர்வீட்டார் சொன்னபோது கலியமூர்த்தி கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம், "கையெழுத்து வாங்குறதுதாங்க என் வேல. உசுரு இருக்கா இல்லியான்னு டாக்டருதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சம்மன் போனதற்கு எழிலரசியின் வாய்தான் காரணம். அவளுடைய அண்ணனும் அண்ணி ஸ்ரீமதியும் பைபாஸில் லாரி மோதி ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் பெண் இளமதிக்கு அப்போது ஐந்து வயது. அத்தைக்காரி எழிலரசி, மாணவிகள் விடுதி ஒன்றில் சமையல் வேலை செய்பவள், பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். ஆனால் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும், "நீங்க யாரு, அம்மாவா? கோர்ட்டு பேப்பர் இருக்கா?" என்று கேட்டார்கள். அதனால்தான் தன்னைக் காப்பாளராக நியமிக்கச் சொல்லி மனுப் போட்டாள். இதுக்கு யாராவது ஆட்சேபணை சொல்வார்களா என்று வக்கீல் குமாஸ்தா தமிழ்மணி கேட்டபோது, யோசிக்காமல், "வேற யாரு, எங்க அண்ணிதான். நான் தண்ணி குடிச்சாலே ஆட்சேபண சொல்லுவாங்க" என்றாள். தமிழ்மணி முதல் எதிர்மனுதாரர் என்று போட்டு ஸ்ரீமதியின் பெயரை எழுதிவிட்டான். படிக்காமலே இவளும் கையெழுத்துப் போட்டாள். இளமதியின் காதுகுத்துப் பத்திரிகையில் எழிலரசி பேரை ஸ்ரீமதி விட்டுவிட்டதில் தொடங்கியது இருவருக்கும் சண்டை. அன்றிலிருந்து கடைசி நாள் வரை நாத்தனாரும் அண்ணியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பத்திரிகையில் போட வேண்டிய பேரைப் போடவில்லை, மனுவில் போடக்கூடாத பேரைப் போட்டாயிற்று.

வாய்தா நாளில் சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் எழிலரசிக்கு ஒரே நினைப்புத்தான். சம்மன் வாங்கிய ஆள் வராமல் இருக்க மாட்டாள். வந்து, இவளிடம் கொடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை காப்பகத்துக்குப் போய்விடும். மடியில் தூங்கிய இளமதியின் காலை, கடலூர் வரும்வரை அவள் கையிலிருந்து விடவேயில்லை.

டவாலி மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாவது கூப்பாட்டுக்கு ஸ்ரீமதி வந்து கூண்டில் ஏறினாள். இறந்த அன்று கட்டியிருந்த அதே பச்சைச் சேலை, கசங்காமல் இருந்தது. மேலே மின்விசிறி ஓடியும் ஒரு காகிதம் அசையவில்லை. வக்கீல்கள் தாமாக எழுந்து நின்றார்கள், ஏன் எழுந்தோம் என்று அப்புறமும் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீதிபதி இறப்புச் சான்றிதழைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார். "ரெண்டும் ஒழுங்காத்தான் இருக்கு. நடத்துங்க" என்றார்.

"அம்மா, எனக்குப் பல்லு விழுந்துடுச்சு" என்றாள் இளமதி.

"பாத்தேன்" என்றாள் ஸ்ரீமதி.

ஆட்சேபணை உண்டா என்று நீதிபதி கேட்டார். இருக்கிறது என்றாள். எழிலரசி இளமதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேலைக்கிப் போறேன்னு நாலரைக்கே புள்ளய எழுப்பிடுறாங்கய்யா. ஆஸ்டல் அடுப்படியில சாக்கு மேல படுக்குது. ஏழு மணி வரைக்கும் அது ஊட்லயே தூங்கணும்."

"வேறு ஏதாவது?"

ஸ்ரீமதி நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள். "வேற ஒண்ணும் இல்லீங்க. என்னவிட நல்லாத்தான் பாத்துக்குறா."

எழிலரசி அங்கேயே உடைந்து அழுதாள். ஸ்ரீமதி பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வராந்தாவில் இறங்கினாள். அதற்குப் பிறகு யாரும் அவளைப் பார்க்கவில்லை. சம்மனில் ஒரு நாளைக்குத்தான் வரச் சொல்லியிருந்தது.

முதல் எதிர்மனுதாரர் நேரில் ஆஜர், மைனர் காலை ஏழு மணி வரை உறங்குவது என்ற நிபந்தனையுடன் ஆட்சேபணை இல்லை, மனுதாரர் எழிலரசியே காப்பாளர் என்று உத்தரவாயிற்று. விடுதி வார்டன் அதைப் படித்துவிட்டு எழிலரசியை இரவுச் சாப்பாட்டு வேலைக்கு மாற்றிவிட்டார். பால்காரர் எழிலரசியின் தெருவில் மணியடிப்பதை நிறுத்திக்கொண்டார், கோர்ட்டு உத்தரவை மீற முடியுமா என்பது அவர் கேள்வி. எழிலரசி தினமும் ஏழுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் பாயருகே போய் உட்காருகிறாள். "அண்ணி, மணி ஆவப்போவுது. எழுப்பட்டுங்களா?" என்று கேட்கிறாள். மழை நாளாக இருந்தால், இன்னும் பத்து நிமிஷம் போவட்டும் என்று பதில் வரும். பத்து நிமிஷம் கழித்துத்தான் எழுப்புகிறாள்.