கடைசிக் காலம் எப்போது தொடங்கும்

தம்பி இன்னும் எவ்வளவு காலம் இருப்பான் என்று நாத்தனார் டாக்டரிடம் கேட்டபோது, அந்தக் குரலில் துக்கம் இல்லை. பேரத்துக்கு வந்தவரின் உஷார்தான் இருந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். டைல்ஸ் ஒட்டும் தொழிலாளியான அந்தத் தம்பியின் மனைவிக்கு அந்தச் சட்டை நுனியின் மீதுகூடக் கோபம் வந்தது. அன்று அவளுக்குக் கோபம் வராத பொருள் அந்த அறையில் எதுவும் இல்லை.

“இந்த மறதி நோய் எழுபதுல வந்தா ஒரு மாதிரி, இவர் வயசுல வந்தா வேற மாதிரி. மூளை தேயுது, உடம்பு தேயல. இருதயம் நல்லாயிருக்கு. அஞ்சு வருஷம் இருக்கலாம், பத்தும் இருக்கலாம். நோய் இல்லாதவங்க அளவுக்கு இருக்க மாட்டார். அதுக்கு மேல சொல்ல முடியாது.”

“முன்னாடி பார்த்த டாக்டர் நாலஞ்சு வருஷம்னாரே. அது முடிஞ்சு போச்சே,” என்றாள் மனைவி.

“அது சராசரிம்மா. கெடு இல்ல.”

சம்பந்தப்பட்டவரோ தரையில் மண்டியிட்டு, விரல் முட்டியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வயதில், யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் பூப்போட்ட டைல்களில் பாதியைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, இதுதான் அழகு என்று வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நின்றார். அங்கே தொடங்கியது. இப்போது ஐம்பத்துமூன்று. நின்றால் வாசலையே அடைக்கிற தோள் அப்படியேதான் இருந்தது.

“உள்ள காலி,” என்றார் டாக்டரை நிமிர்ந்து பார்த்து. டாக்டர் காலை இழுத்துக்கொண்டார்.

நோய்க்குப் பெயர் தெரிந்த வாரம், சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டு சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. “கடைசிக் காலத்துல என் தம்பி என் வீட்டுலதான் இருப்பான். என் மடியிலதான் அவன் உயிர் போகும்.” கேட்டவர்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். மனைவி சிந்தவில்லை, அந்த வார்த்தையை முடிந்து வைத்துக்கொண்டாள். எத்தனை மோசமான நாளிலும், கரை ஒன்று இருக்கிறது என்று அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். போன வாரம் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி, இன்னொரு முறை பாதியில் வீட்டுக்கு ஓடினால் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லென்ஸ் பொருத்தும் அந்த வேலையில்தான் வீடு ஓடியது. அதனால்தான் காலையில் கணவருடைய துணிகளையும் மருந்துகளையும் பெரிய பையில் அடைத்துக் கையோடு எடுத்து வந்திருந்தாள். ரிப்போர்ட் என்று நினைத்து நாத்தனார் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மூன்றாம் மாடியில் இருந்த நாத்தனார் வீட்டில் தேநீர் வந்தது, ரொட்டி வந்தது, பின்னாலேயே தீர்ப்பும் வந்தது.

“கேட்டல்ல? பத்து வருஷம். அப்ப இது கடைசிக் காலம் இல்ல.”

“தண்ணி குடிச்சாலே புரையேறுது அண்ணி.”

“எனக்கும்தான் ஏறுது. யாரோ நினைக்கிறாங்கன்னு தலையில தட்டிக்கிறேன்.”

“இளைச்சுட்டார்.”

“இவனா இளைச்சவன்? மூணு மாடி ஏறி வந்தான். எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு.”

“முந்தாநேத்து என்னைத் திருடின்னு நினைச்சுக் கழுத்தைப் பிடிச்சார்.”

“சாகப்போறவனுக்கு அந்தப் பலம் எங்கேருந்து வரும், சொல்லு.”

மனைவிக்குச் சட்டென்று தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. கட்டியவன் சீக்கிரம் செத்துவிடுவான் என்று அவள் வக்கீல் மாதிரி சாட்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்தவர், தம்பி நூறு வயது வாழ்வான் என்று வாதாடிக்கொண்டிருந்தார். வழியில் போகிறவர் எட்டிப் பார்த்தால் யாரைப் பொல்லாதவள் என்பார்? இருவருக்கும் நடுவில் கணவர் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

“நீ அவன் எப்ப போவான்னுதான் பார்த்துக்கிட்டிருக்க,” என்றார் நாத்தனார்.

“ஆமா அண்ணி, பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்களும்தான் பார்க்கறீங்க. நான் பீத்துணி அலசிக்கிட்டே பார்க்கறேன், நீங்க போன்ல பார்க்கறீங்க.”

“வாயை அடக்கு. என் ரத்தம் அவன்.”

“அப்ப நல்லதாப் போச்சு.” அவள் பையைத் தூக்கி மேஜை மேல் வைத்தாள். ஒரு கோப்பை உருண்டது. “செத்துப்போறவருக்கு மடி கொடுக்கறது ஒரு நாள் வேலை, ஊரே வந்து பார்க்கும். உயிரோட இருக்கறவருக்குக் கொடுங்க. ஒரு மாசம் நீங்க, ஒரு மாசம் நான். பத்து வருஷமானாலும் சரி, நாளைக்கே போனாலும் சரி. மாத்திரை எப்ப எதுன்னு மேலயே எழுதியிருக்கேன். கண் அசந்தா வெளியே கிளம்பிடுவார், கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியை எடுத்து வச்சுக்கோங்க.”

“நான் போலீஸைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க. தம்பியைக் கொண்டாந்து அக்கா வீட்டுல விட்டுட்டாங்கன்னு சொல்லுங்க.”

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். துரத்தி வரப்போகிறார், கையைப் பிடிக்கப்போகிறார், பிடித்தால் தட்டிவிட வேண்டும் என்று தோளை இறுக்கிக்கொண்டு படியிறங்கினாள். யாரும் வரவில்லை. திறந்த கதவு வழியாகப் பேச்சு மட்டும் வந்தது. அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே நாத்தனார் உரக்கப் பேசினார்.

“பார்த்தியாடா, உன்னை அம்போன்னு விட்டுட்டுப் போறா.”

“யாரு?”

“உன் பொண்டாட்டி.”

அவர் குரல் வந்தது, பல மாதங்களாக அவள் கேட்காத நிதானத்தில். “போகட்டும்க்கா. அவளுக்கு வேலைக்கு நேரமாச்சு.”

அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். திட்டியிருக்கலாம் அந்த மனுஷன். அழுதிருக்கலாம், யார் அவள் என்று கேட்டிருக்கலாம். அதற்கெல்லாம் அவளிடம் பதில் தயாராக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் செய்த எதையும்விட, கழுத்தைப் பிடித்ததையும்விட, இந்தக் கரிசனத்தை அவளால் பொறுக்க முடியவில்லை.

மேலே கதவு சாத்தப்பட்டது. உள்ளே பூட்டு திரும்பும் சத்தம் வரும்வரை நின்று கேட்டாள். வந்தது. அதன் பிறகு ஒரு படியிலும் நிற்காமல் தெருவுக்கு இறங்கி, லீவு போட்டிருந்த கடைக்கே பஸ் ஏறினாள்.