கூடத்துக்கு வந்த செய்திகள்

நான்கு தொலைக்காட்சி நிறுவனங்களும் ஒவ்வொன்றாக இணைந்து கடைசியில் ஒன்றான வாரத்தில், ஒளிபரப்பாகாத செய்திகள் செய்தி ஆசிரியரின் வீட்டுக் கூடத்தில் நடக்க ஆரம்பித்தன. முதலில் சாயப்பட்டறைக் கழிவு வந்தது. கணுக்கால் அளவு நீலத் தண்ணீர். ஆசிரியரின் அக்கா ஆடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்ததை மேல்தட்டுக்கு மாற்றினாள். அடுத்த வாரம், மூடப்பட்ட பிரசவ ஆஸ்பத்திரியின் வரிசை வந்து மாடிப்படி முழுக்க நின்றது. வீட்டுக்கு வந்தவர்களை நிற்க வைப்பது அந்தக் குடும்பத்துக்கு இழுக்கு என்பதால், பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டாள்.

காரணம் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. முதல் நிறுவனத்தின் செய்தி அறையை உண்டாக்கியவர் அவர்களுடைய அப்பா. கண்ணால் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னால்தான் செய்தி என்பது அவர் போட்ட சட்டம். தேறாத தாளை யாரும் தவறி எடுத்து வாசித்துவிடக் கூடாது என்று நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அவர் பைக்குள் போனதெல்லாம் பொய். பொய்க்கு நடந்து வரக் கால் கிடையாது. அதனால் அவர் இருந்தவரை கூடம் காலியாகவே கிடந்தது. பிறகு முதல் இணைப்பில் நிருபர்களில் பாதிப் பேரை அனுப்பினார்கள். இரண்டாவதில் வெளியூர் அலுவலகங்களை மூடினார்கள். மூன்றாவதில் செய்தி நேரத்தை எடுத்து, நாலு பேர் கத்திக்கொள்ளும் விவாதத்துக்குக் கொடுத்தார்கள். மேலிடம் வேண்டாம் என்ற தாள்களை, ஆசிரியராக இருந்து திரையில் செய்தியும் வாசித்த தம்பி பழக்க தோஷத்தில் அப்பாவைப் போலவே மடித்துப் பையில் வைத்தான். அவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

செய்தி எப்படியாவது வெளியே போய்விட்டால் அது வீட்டை விட்டும் போய்விடும். நீலத் தண்ணீர் அப்படித்தான் வடிந்தது. பாத்திரம் கழுவ வந்த பெண்ணும் அவள் மகளும் பார்த்துவிட்டுத் தெருவெல்லாம் சொன்னார்கள். தரையில் கறை மட்டும் தங்கியது.

பிறகு ஒரு மாலை, உடம்பெல்லாம் சிமெண்டுத் தூளோடு கட்டட வேலையாட்கள் வந்து கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். நிறுவனத்தின் புதிய முதலாளி கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி அன்று மதியம் சரிந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை என்று மேலிடம் சொல்லிவிட்டதால் தோண்டவும் இல்லை. அவர்கள் இடிபாட்டுக்கு அடியிலும் கிடந்தார்கள், இங்கேயும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஆளுக்கொரு செம்பு தண்ணீர் கொடுத்தாள்.  சிலருக்கு மூச்சு இழுத்தது.

தம்பி உள்ளே வந்து, அவர்களைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"பையில என்னடா?"

"அக்கா, ஆரம்பிக்காதே. களைச்சுப் போயிருக்கேன்."

"இவங்களைவிடவா?"

"வாசிச்சா முதலாளி நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான்."

"அனுப்பட்டும். வீடு இங்கதானே இருக்கு, ஓடியா போகுது? அப்பா பேரைச் சொல்லித்தானே அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கே!"

 அவனுக்கு வெட்கம் இல்லாமல் இல்லை. வெட்கப்படவும் தெம்பு இல்லாமல் போயிருந்தது. அக்கா போய் வாசல் கதவை விரியத் திறந்து வைத்தாள். அந்தக் கூடம் கலைந்து கிடக்கும்போது வெளி ஆள் யாரும் பார்த்ததில்லை. அன்று அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கணவனைத் தேடித் தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டு வந்த ஒரு பெண், உள்ளே எட்டிப் பார்த்து அலறினாள். "ஐயோ, இதோ இருக்காரே! ஊருக்குப் போயிட்டாருன்னு சொன்னாங்களே, பாவிங்க!"

அவள் ஓடப் பார்த்தாள். அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு தாயி. ஒருத்தி சொன்னா புலம்பறான்னு துரத்திடுவாங்க. இன்னொரு ஆள் வேணும்."

"நீங்க வாங்கக்கா!"

"நான் வரலாம். ஆனா ஊர் நம்பின முகம் என்னோடது இல்ல." சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அதட்டவில்லை. அப்பா படத்தைக் காட்டவும் இல்லை. சுவரோரம் ஒருவனுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது.

தம்பி தாளை எடுத்துப் பிரித்தான். மடிப்பில் ஒரு சொல் அழிந்திருந்தது. அதைப் பேனாவால் திரும்ப எழுதினான். "வாம்மா, போகலாம். நானும் பார்த்தேன்" என்றான்.

இருவரும் கடைத்தெரு முனையில் நின்று சொன்னார்கள். வருஷக்கணக்காகத் திரையில் பார்த்த முகம் தெருவில் நின்று சொன்னதால் ஜனம் கடப்பாறையோடு கிளம்பியது. தோண்டத் தோண்டக் கூடத்தில் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அந்தப் பெண்ணின் கணவன் உயிரோடு வந்தான். எல்லோரும் அப்படி வரவில்லை.

அந்த மாதமே செய்திப் பிரிவை மூடினார்கள். தம்பி அதையும் கடைசிச் செய்தியாக எழுதினான். மேலிடம் வேண்டாம் என்றது. கை தானாக நாலாக மடித்துப் பையில் வைத்தது. அவன் வீடு வந்து சேர்ந்தபோது கூடத்தில் செய்தி அறை இருந்தது: மேசைகள், விளக்குகள், கேமரா, ஒவ்வொரு இணைப்பிலும் அனுப்பப்பட்ட நிருபர்கள். அவர்களில் பாதிப் பேர் அதற்குள் தலை நரைத்திருந்தார்கள்.

"வாசல்லயே நிக்கிறியே, வா. உன் நாற்காலி ஜன்னலோரமா இருக்கு" என்றாள் அக்கா.

மறுநாளிலிருந்து நிருபர்கள் காலையில் வெளியே போய் மாலையில் திரும்பினார்கள். ஜனங்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். எல்லாச் செய்தியையும் வெளியே சொல்லலாம், பிரிவு மூடப்பட்டதை மட்டும் சொல்ல வேண்டாம் என்று அக்கா வாசலிலேயே எல்லோரிடமும் கேட்டுக்கொண்டாள். சொன்னால் இந்தச் செய்தி அறையும் கூடத்தை விட்டுப் போய்விடும். இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.