ஒரு மேற்கோள் குறைகிறது

1

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. என் அண்ணி தொலைபேசியில் சிரித்தார். இந்தக் கதை அந்தச் சிரிப்பில் தொடங்கியது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

அண்ணி பல்கலைக்கழக நூலகர். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் ஆசிரியர்களின் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஆய்வுத் தரவுத்தளத்தில் தேடி, எண்ணி, கையெழுத்துப் போட்டுத் தருவது அவர் வேலை.

"எதுக்கு அண்ணி சிரிக்கிறீங்க?"

"ஒண்ணு குறையுது கொழுந்தனாரே. அது எங்க இருக்குன்னும் கண்டுபிடிச்சிட்டேன். ஆனா எண்ண முடியாது."

"புரியலையே."

"புரியாத வரைக்கும் நல்லது. புரிஞ்சா கதை எழுதிடுவீங்க."

எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "அவள் மண்ணின் விரிசல்களை நேசித்தாள்."

அடித்துவிட்டேன். விரிசலை யாரும் நேசிப்பதில்லை. ஆராய்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "உறவும் ஒரு களிமண்தான், காயத் தொடங்கினால் அது"

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்திருந்தால் நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள். நானே போயிருப்பேன்.

மூன்றாவது தொடக்கம், நடந்ததைச் சொல்வது.

காயும் களிமண்ணில் விரிசல் எங்கே தொடங்குகிறது என்று ஆராயும் ஒரு பெண். துறையில் அவரை 'விரிசல் மேடம்' என்பார்கள். விரிசல் மேற்பரப்பில் தொடங்கி அடிக்கு இறங்குகிறது என்பது அவர் கட்சி. அடியில் தொடங்கி மேலே ஏறுகிறது என்பது அவருடைய முன்னாள் கணவரின் கட்சி.

[முன்னாள் கணவருக்கும் அதே மண், அதே ஆராய்ச்சி. கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று சந்தேகப்படுவீர்கள். நாளெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கிடப்பவர்கள் வேறு எங்கே போய்க் கல்யாணம் செய்துகொள்வார்கள்?]

பிரிந்து ஏழு வருடம் ஆகிறது. முன்னாள் கணவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். பேச்சு இல்லை. கட்டுரைகளில் மட்டும் சண்டை தொடர்கிறது.

3

பேராசிரியர் ஆக நூற்றைம்பது மேற்கோள்கள் வேண்டும். தன்னைத் தானே மேற்கோள் காட்டியவை செல்லாது. அவற்றைக் கழித்ததும் மேடத்துக்கு ஒன்று குறைந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். இந்த முறை விட்டால் அடுத்த வாய்ப்பு நான்கு வருடம் கழித்து. அதற்குள் ஓய்வு வயது வந்துவிடும்.

[சரியாக ஒன்று குறைவது கதைகளில் மட்டுமே நடக்கும் என்று அண்ணியிடம் சொன்னேன். உண்மையில் பதினொன்று குறைந்ததாம். பத்தை அண்ணியே தேடிப் பிடித்திருக்கிறார். யாரோ ஆண்டை மாற்றிப் போட்டது, யாரோ இதழின் பெயரைத் தப்பாக எழுதியது, இப்படி. அந்தப் பத்தையும் வரிசையாகச் சொல்லட்டுமா? மாட்டேன். எனக்கு உங்கள்மேல் இரக்கம் உண்டு.]

புதன்கிழமை மேடத்தை அண்ணி தன் அறைக்கு வரவழைத்தார். அங்கே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நிற்கும்போதெல்லாம் தலையில் இடிக்கும் ஒரு அலமாரி. மேடம் உட்கார்ந்தார். அண்ணி திரையைத் திருப்பினார்.

"இதுல முப்பத்திரெண்டு, அவர் போட்டது மேடம்."

"எவர்?"

"அவர்தான்."

"ஓ. எல்லாம் என்னைத் திட்டித்தானே?"

"'ஏற்கத்தக்கதல்ல' ஏழு இடத்துல. 'போதிய சான்று இல்லை' கொஞ்சம். ஒரு இடத்துல 'இந்தப் பிழை விடாமல் தொடர்கிறது'."

"இதெல்லாமா கணக்குல வருது?"

"தரவுத்தளத்துக்குத் திட்டும் ஒண்ணுதான், பாராட்டும் ஒண்ணுதான்."

"அப்போ இத்தனை வருஷமா என்னைப் பேராசிரியர் ஆக்கத்தான் மனுஷன் பாடுபட்டிருக்காரு."

"பாவம், அவருக்கே தெரியாது."

இருவரும் சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை நான் கேட்டது இதே சிரிப்பாக இருக்கலாம்.*

* இக்கதையின் முதல் பகுதியைப் பார்க்க. (என்னை நானே மேற்கோள் காட்டியிருக்கிறேன். செல்லாது.)

4

முன்னாள் கணவரை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் வில்லனாக எழுதினேன். முறுக்கிய மீசைகூட வைத்தேன். அண்ணி படித்துவிட்டு, "அவருக்கு மீசையே கிடையாது. அவர் பல்கலைக்கழக இணையப் பக்கத்துல போட்டோ இருக்கு, போய்ப் பாருங்க" என்றார். பார்த்தேன். கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, புகைப்படக்காரர் சொன்னதற்காகச் சிரிக்கும் ஒரு மனிதர். வில்லனுக்கு ஆகாது.

அண்ணிக்கு ஒரு வழக்கம். தரவுத்தளம் காட்டும் எண்ணை அப்படியே நம்பமாட்டார். கட்டுரையைத் திறந்து, பெயரை முழுப் பிரதியிலும் தேடுவார். கணவரின் கடைசிக் கட்டுரையின் நூற்பட்டியலில் மேடம் பெயர் இல்லை. ஆனால் உள்ளே, பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. புதன்கிழமை சிரித்து முடித்ததும் மேடத்துக்கு அதைத்தான் அண்ணி காட்டினார்.

'ஈரம் மேற்பரப்பில் முதலில் வற்றுவதால் விரிசலும் அங்கேயே தொடங்குகிறது.' அதன் பிறகு அடைப்புக்குறி. அதற்குள் மேடம் பெயர். பெயரை அடுத்து இரண்டு சொற்கள்: தனிப்பட்ட உரையாடல்.

ஒருவர் எழுதாமல் வாயால் சொன்னதைக் கட்டுரையில் சேர்த்தால் இப்படிப் போடுவார்கள். அது நூற்பட்டியலுக்குப் போகாது. தரவுத்தளத்தின் கண்ணில் படாது. எண்ணிக்கையில் சேராது.

மேடம் எழுந்து நின்று படித்தார். அலமாரி தலையில் இடித்தது. அவர் கவனிக்கவில்லை.

"ஒத்துக்கிட்டாரா?"

"கட்சி மாறிட்டாரு மேடம்."

"நாங்க பேசியே ஏழு வருஷம் ஆச்சே."

"அது எனக்குத் தெரியாது. ஆனா இதே விஷயம் உங்க கட்டுரையிலயே இருக்கு. அதைப் போட்டிருந்தா நூற்றைம்பது ஆகியிருக்கும்."

"போடலையே."

"திருத்தம் அனுப்பலாம். உரையாடலை எடுத்துட்டு, அந்த இடத்துல உங்க கட்டுரையைப் போடணும். இதழாசிரியர் சரின்னு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாப் போதும், சேர்த்துக்குவேன்."

"யார் அனுப்பணும்?"

"எழுதினவர் அனுப்பணும். அவர்கிட்ட நீங்க சொல்லணும்."

"நீங்க சொல்லக் கூடாதா?"

"எண்ணுறவ கூட்டக் கூடாது மேடம்."

5

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று. அவர் திருத்தம் அனுப்புகிறார், மேடம் பேராசிரியர் ஆகிறார், துறையில் எல்லாருக்கும் இனிப்பு. இதற்கு ஒரு கதை எதற்கு, சுற்றறிக்கை போதும்.

இரண்டு. அவர் மறுக்கிறார். இதற்கு அந்த மீசை வேண்டும்.

மூன்று. வெள்ளிக்கிழமை காலை, முகம் தெரியாத யாரோ ஒருவர் வெளியிட்ட கட்டுரையில் மேடத்தின் மேற்கோள் ஒன்று வந்து விழுகிறது, சரியாக அந்த நேரத்தில்

வேண்டாம். எனக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு.

"நிஜமா என்னதான் நடந்துச்சு?" என்று அண்ணியிடமே கேட்டேன்.

"போன் பண்ணாங்க. என் அறையிலிருந்தே."

"நீங்க வெளியே போகலையா?"

"போகணும்னுதான் எழுந்தேன். எனக்கு மூட்டு வலி, தெரியுமில்ல? மெதுவாத்தான் எழுந்திருக்க முடியும்."

மெதுவாக எழுந்ததில் மேடம் பேசியது மட்டும் அவர் காதில் விழுந்தது. மறுமுனை கேட்கவில்லை. நான் இட்டுக்கட்டியிருக்கலாம், ஆறு முறை எழுதியும் பார்த்தேன். ஆறு முறையும் அவர் என் குரலில் பேசினார்.

எண்ணிக்கையில் ஒன்று ஏற வேண்டுமானால் அந்த 'தனிப்பட்ட உரையாடல்' போக வேண்டும். அதை எடுத்துவிடச் சொல்லத்தான் மேடம் எண்ணை அழுத்தினார். கேட்டதை அப்படியே தருகிறேன். அடைப்புக்குறிகள் உங்களுக்கு.

"ஹலோ. நான்தான்."

[ ]

"இருக்கேன். நீங்க?"

[ ]

"உங்க புதுக் கட்டுரை பார்த்தேன். பன்னிரண்டாம் பக்கத்துல ஒரு திருத்தம் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

[ ]

"தப்பு இல்லை. சரியா எழுதியிருக்கீங்க. அதான் வம்பு."

[ ]

"ஆமா, அதை எடுத்துட்டு என் கட்டுரையைப் போடணும். பதவி உயர்வுக்கு."

[ ]

"இப்பவேவா? இரு, இரு, அனுப்பாதே. எடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. நான் அதை உன்கிட்ட எப்போ சொன்னேன்?"