இரண்டு நிமிடத்தில் இருபத்தேழு ‘ங்க’

கட்டுரைக்கு நான் வைத்த தலைப்பை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. ‘உலகத்துக்கு இரண்டெழுத்து மருந்து.’ அந்த இரண்டெழுத்து ங், க. கோயமுத்தூர்ப் பக்கத்தில் பேச்சுக்குப் பேச்சு நாங்கள் ஒட்டவைக்கும் ‘ங்க’.

எங்கள் கல்லூரியில் இந்த வருடம் புதிதாக ஒரு பாடம். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து நடத்துகிறார்கள். நம் பண்பாட்டிலிருந்து ஒன்றையும் உலகப் பிரச்சினை ஒன்றையும் எடுத்துக்கொண்டு, சொந்த அனுபவத்தோடு முடிச்சுப் போட்டு இரண்டு பக்கம் எழுத வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் பிளாஸ்டிக், பருவநிலை என்று எழுதிக்கொண்டிருக்க, நான் இணையத்தில் பரவும் வெறுப்புப் பேச்சை எடுத்தேன். ‘எங்கள் ஊரில் பச்சைக் குழந்தையைக்கூட வாங்க என்றுதான் கூப்பிடுவோம். மரியாதை இல்லாமல் ஒருவரை அழைக்க எங்கள் நாக்குக்குத் தெரியாது’ என்று எழுதி, இரண்டாவது வாக்கியத்துக்கு அடியில் கோடும் போட்டேன். பாடம் எடுக்கும் சஹீர் சாருக்குப் பிடித்துப்போயிற்று. பத்து நாள் கழித்து வரும் திங்கட்கிழமை மத்தியானம் அந்த வெளிநாட்டு மாணவர்கள் முன்னால், திரையில், நான்தான் வாசிக்க வேண்டும் என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சார் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். “நந்திதா, சும்மா சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. வீட்ல பேசறதை ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணிட்டு வா. அதை நீ எழுதக்கூடாது, மிதுன் கேட்டு எழுதட்டும். நம்ம பேச்சை நாமே கேட்டா வேண்டியது மட்டுந்தான் காதுல உழும்.”

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுக்கொட்டகைச் சுவரில் போனை ஓடவிட்டு வைத்துவிட்டு, வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா, பால்காரர், நான், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்களிடம் வேலை செய்யும் பாவாத்தாள். அவ்வளவுதான் ஆட்கள்.

மிதுன் தாராபுரத்துப் பையன், விடுதியில் தங்கிப் படிக்கிறான். ஒரே வகுப்பு, ஒரே வயது, ஆனாலும் என்னிடம் ‘ங்க’ போடாமல் பேச மாட்டான். “நான் என்ன உனக்கு டீச்சரா?” என்று எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். “பழகிப்போச்சுங்க” என்று சிரிப்பான். அவனையும் என் கட்டுரையில் ஒரு வரி உதாரணமாகச் சேர்த்திருந்தேன்.

வியாழக்கிழமை நூலகத்தில் ஒரு தாளை நீட்டினான். “மொத்தம் இருபத்தேழுங்க” என்றான். இரண்டு நிமிடத்தில் இருபத்தேழு. சந்தோஷமாக வாங்கிப் பார்த்தேன். பென்சிலில் கட்டம் போட்டிருந்தான். யார் பேசுகிறார், யாரிடம், ‘ங்க’ உண்டா இல்லையா.

அப்பா பால்காரரிடம் நான்கு. நான் அப்பாவிடம் மூன்று. அப்பா புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டியிடம் ஐந்து: ‘வாங்க சாமி, குடிங்க, பயப்படாதீங்க.’ பாவாத்தாள் எங்களிடம் பதினைந்து.

கடைசியில் மூன்று வரிகள். நந்திதா பாவாத்தாளிடம்: ‘பாவாத்தா, அந்தக் கூடையை எடுத்துட்டுப் போ.’ ‘இல்லை’ என்று எழுதியிருந்தான். ‘அங்கயில்ல, இங்க வை.’ இல்லை. ‘சொன்னா காது கேக்காதா உனக்கு?’ இல்லை.

எனக்குப் பத்தொன்பது வயது. அவளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பாருங்கள், இப்போது எழுதும்போதும் ‘அவள்’தான் வருகிறது. கன்றுக்குட்டிக்குக் கிடைத்த மரியாதை அந்த மனுஷிக்குக் கிடைக்கவில்லை. அது என் குரலில், என் போனில், நானே கொண்டுவந்து கொடுத்த சாட்சியில் இருந்தது. முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம்.

“அது வேற, மிதுன். பாவாத்தா எங்க வீட்டு மனுஷி மாதிரி.”

“இருக்குமுங்க” என்றான். பென்சிலைச் சீவிக்கொண்டே, “எங்க அம்மாவும் ஒரு தோட்டத்துலதான் வேலைங்க. அங்கயும் அப்பிடித்தான் சொல்வாங்க” என்றான்.

இரண்டு வருடம் பக்கத்து பெஞ்சு. அவன் அம்மா என்ன செய்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “அந்த மூணு வரியை மட்டும் எடுத்துடலாமா?” என்று கேட்டேன். “நீங்க சொன்னா எடுத்துர்றேனுங்க” என்றான். தாளை அவனிடமே தள்ளிவிட்டு, “வேண்டாம், வேற ரெக்கார்ட் பண்ணிட்டு வர்றேன்” என்று எழுந்துவிட்டேன். என் கவலை பாவாத்தாளைப் பற்றியதே அல்ல. கட்டுரை கெடக்கூடாது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். மறுநாள் காலை போனைத் துப்பட்டாவுக்குள் ஓடவிட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பாவாத்தாள் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள்.

“பாவாத்தா, வாங்க. சாப்ட்டீங்களா?”

நிமிர்ந்தவள் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

“ஏனுங்கம்மணி, நா ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க” என்றேன். இன்னொரு ‘ங்க’. அவள் முகம் வெளுத்துவிட்டது.

“பண்ணாடிகிட்டச் சொல்லிப்போடாதீங்கம்மணி. நாளைக்கு வர வேண்டாமுன்னுட்டா நா எங்கீங்க போவேன்?” பண்ணாடி என்றது என் அப்பாவை.

அவள் கும்பிட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. என் நாக்குக்குத் தெரிந்ததைத்தான் கடைசியில் சொன்னேன்.

“ஒண்ணுமில்ல. போ, போயி வேலையைப் பாரு.”

உடனே அவளுக்கு உயிர் வந்தது. “செரிங்கம்மணி” என்று சிரித்துக்கொண்டே விளக்குமாற்றை எடுத்தாள். ‘ங்க’ என்றதற்கு நடுங்கியவள் ‘போ’ என்றதும் தேறிவிட்டாள். என் மருந்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் போலிருந்தது. அவமானத்தில் காலைச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்புக்கு என்ன என்று அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

திங்கட்கிழமை காலையில் போனை மிதுனிடம் கொடுத்தேன். காதில் மாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டான். திரும்ப ஒருமுறை கேட்டான். பிறகு கழற்றிவிட்டு, “இதையும் எழுதோணுமுங்களா?” என்று கேட்டான்.

கட்டுரை என் கையில் இருந்தது. கோடு போட்டிருந்த வாக்கியத்தை பஸ்ஸிலேயே அடித்துவிட்டிருந்தேன். அந்த இடத்தில் எழுத எனக்கு வேறு வாக்கியம் கிடைக்கவில்லை. மிதுனைப் பற்றிய உதாரணத்தையும் அடித்திருந்தேன். மத்தியானம் வாசிக்க உருப்படியாக என்னிடம் இருந்தது அவன் போட்ட கட்டம் ஒன்றுதான்.

“எழுதுங்க, மிதுன்” என்றேன். “அந்தப் பழசையும் சேத்து எழுதுங்க. அதைத்தான் வாசிக்கப் போறேன்.”

அவன் பென்சிலை மேசைமேல் வைத்தான்.

“நா ஏதாச்சும் தப்பா எழுதிப்போட்டனுங்களா?” என்று கேட்டான்.