மாற்றாத வால்வு

அண்ணனின் வலது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. தம்பி முழங்கையைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்தான்; விறைத்துப்போயிருந்தது. அண்ணி கத்தரிக்கோலை எடுத்து, புதுச் சட்டையின் முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டினாள்.

"ஓட்டும்போதே தூங்கிட்டாராம், அதான் வண்டி கவிழ்ந்துச்சாம். போலீஸ்காரர் சொல்றார்" என்றாள். "இருபத்திரண்டு வருஷமா லாரி ஓட்டுறவர், பட்டப்பகல்ல, இறக்கத்துல தூங்குவாரா தம்பி?"

"தெரியல அண்ணி."

தெரியாதா! லாரிக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் அவன்தானே பிரேக் மெக்கானிக். அந்த மாடல் லாரிகளில் பிரேக் வால்வு சூடானால் காற்றை விட்டுவிடுகிறது, பிரேக் பிடிக்காமல் போகிறது, எல்லா வண்டிகளையும் திரும்ப அழைத்துப் புது வால்வு மாட்டுங்கள் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வந்த லாரிகள் நாற்பது. வந்த வால்வுகள் பன்னிரண்டு. மாதக் கடைசிக்குள் பட்டியலை முடித்துக் காட்ட வேண்டும். "முதல்ல எல்லா வண்டிக்கும் ஸ்டிக்கரை ஒட்டு. சரக்கு வந்ததும் கூப்பிட்டு மாத்திக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். அங்கே எப்போதும் அப்படித்தான். 'மாற்றப்பட்டது' என்ற பச்சை ஸ்டிக்கரை அண்ணனின் லாரிக் கதவிலும் தம்பியே ஒட்டினான். பன்னிரண்டில் ஒன்றை அண்ணனுக்கு மாட்டியிருக்கலாம். சொந்தக்காரனுக்கு முதலில் செய்தான் என்று நாலு பேர் வாயில் விழக்கூடாதாம்! பெரிய நியாயவான்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சூப்பர்வைசர்தான். அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ரெஜிஸ்டர்ல உன் கையெழுத்துதான் இருக்கு. வாயைத் திறந்தா முதல்ல உள்ள போறது நீதான். புரியுதா?"

புரிந்தது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல, கத்தவும் முடியாமல் பொறுக்கவும் முடியாமல் நின்றான்.

"முந்தாநேத்துகூட பிரேக் ஒரு மாதிரி இருக்குன்னார்" என்றாள் அண்ணி, பொத்தானைப் போட்டபடி. "தம்பிக்கு போன் போடுங்கன்னேன். 'அவன் கையால மாத்தினது, குறை சொன்னா வருத்தப்படுவான்'னுட்டார்."

தம்பி ஜன்னலுக்குப் போனான். அங்கேயும் தப்ப வழியில்லை. தெருவை அடைத்துக்கொண்டு எட்டு லாரிகள். அண்ணனோடு ஓட்டுகிறவர்கள், சரக்கோடு போகிற வழியில் முகம் பார்க்க வந்திருந்தார்கள். எட்டுக் கதவுகளிலும் பச்சை ஸ்டிக்கர். அவற்றில் இரண்டுக்குத்தான் அவன் வால்வு மாற்றியிருந்தான்.

அண்ணனின் பழைய கூட்டாளி மீசைக்காரர் உள்ளே வந்து, அண்ணன் காலடியில் சற்று நேரம் நின்றார்.

"அடக்கம் வரைக்கும் நிக்க முடியலம்மா. மதியத்துக்குள்ள சரக்கு இறக்கணும். அதே இறக்கம்தான், பாத்துப் போறோம்." திரும்பித் தம்பியின் தோளைத் தட்டினார். "எங்களுக்கென்ன பயம்? வண்டியை நீ பாத்திருக்க."

அந்தக் கையின் கனத்தை அவனால் தாங்க முடியவில்லை.

"போகாதீங்கண்ணே."

"ஏன்டா?"

"நான் மாத்தல. ஸ்டிக்கர் மட்டும்தான் ஒட்டினேன். உங்க வண்டியில, வெளிய நிக்கிற இன்னும் அஞ்சு வண்டியில." அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணன் வண்டியிலயும்."

மீசைக்காரர் கையைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார். அடித்திருந்தால் தேவலை. அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேகமாக வெளியே போனார்.

அண்ணி நிமிரவில்லை. கடைசிப் பொத்தானில் அவள் விரல் நின்றுவிட்டது.

"அப்போ அவர் தூங்கல" என்றாள்.

"இல்ல அண்ணி."

தலையாட்டினாள். அண்ணனின் காலரைச் சரிசெய்தாள்.

வெளியே மீசைக்காரர் சத்தம் போட்டு எல்லோரையும் இறங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டுநர்கள் தெருவோரத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கிவந்து, வண்டி நகராதபடி ஒவ்வொரு சக்கரத்துக்கும் அண்டை கொடுத்தார்கள்.